மாணவர் சங்கத் தேர்தலில் யார் நிற்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வியாண்டு தொடங்கியதும் நம் தமிழ் மாணவர்களிடமிருந்து இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பலர் விதிப்புத்தகத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. சீனியர் யாரோ சொன்னதைக் கேட்டுத் தங்களைத் தாங்களே விலக்கிக்கொள்கிறார்கள். “ஃபர்ஸ்ட் கிளாஸ் இருந்தால்தான் நிற்க முடியும்”, “பிஆர் (நிரந்தரவாசி) நிற்கக் கூடாது”, “தேசிய சேவை முடித்து வந்தவருக்கு வயது கூடிவிட்டது” என்று காதில் விழுவதெல்லாம் விதியாகிவிடாது. சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்திலும் பல்துறைத் தொழிற்கல்லூரியிலும் (பாலிடெக்னிக்) படிப்பவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

நான் ஏற்கெனவே தமிழ் மன்றத்தில் செயலாளர். அதுவும் மாணவர் சங்கமும் ஒன்றா?

இல்லை. தமிழ் மன்றம் ஓர் ஆர்வக் குழு, விருப்பப்பட்டவர்கள் சேர்வது. மாணவர் சங்கம் எல்லா மாணவர்களுக்கும் பொதுவானது. நிர்வாகத்தோடு உட்கார்ந்து தேர்வுக்கால ஏற்பாடு, விடுதி, கேண்டீன், கட்டணம் என்று எல்லாவற்றையும் பேசும் இடம் அதுதான். மன்றத்தின் விதிகள் வேறு, சங்கத்தின் விதிகள் வேறு. மன்றத்தில் மூன்று வருடம் உழைத்ததால் சங்கத் தேர்தலில் நிற்கத் தனி உரிமை எதுவும் வராது. மன்றத்தில் இருப்பது தடையாவதும் அபூர்வம். இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் முக்கியப் பதவி வகிக்கலாமா என்பதை மட்டும் பாருங்கள். சில சங்கங்கள் தலைவர், பொருளாளர் பதவிகளை வேறு குழுப் பதவியோடு சேர்த்து வைத்துக்கொள்ள விடுவதில்லை, ஏனென்றால் எந்தக் குழுவுக்கு எவ்வளவு பணம் என்று முடிவு செய்யும் மேசையில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நியாயமான விதி அது.

தகுதி விதிகள் எந்தச் சட்டத்தில் இருக்கின்றன?

சிங்கப்பூரில் ஒவ்வொரு கல்வி நிலையத்தின் மாணவர் சங்கத்துக்கும் சொந்தமாக ஓர் அமைப்பு விதி உண்டு. தேர்தல் நடத்தும் முறைக்கு அதன் கீழ் தனி விதிமுறைகள் இருக்கும். இந்த இரண்டோடு மாணவர் நடத்தை விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும், தகுதி நீக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். மூன்றையும் சங்கத்தின் இணையத்தளத்திலோ மாணவர் விவகார அலுவலகத்திலோ கேட்டு வாங்கலாம். எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள். போன வருடத்துப் பிரதியை நம்பி வேட்புமனு போட வேண்டாம்.

வேறு நாடுகளில் நாடு தழுவிய விதி இருக்கிறது. பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், சங்கத்தின் முக்கியப் பதவிகளுக்கு உறுப்பினர் அனைவரும் ரகசிய வாக்கெடுப்பில் வாக்களித்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, கல்லூரித் தேர்தல்களுக்கு அவற்றைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வந்தவர்கள் அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த விதிகள் இங்கே செல்லாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க நல்லவை, அதனால் கீழே அடிக்கடி வரும்.

எவ்வளவு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விதி மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கலாம். ஒன்று, ஓர் எண்ணைச் சொல்லி அதற்குக் கீழே கூடாது என்பது. இரண்டாவது, எண் எதுவும் இல்லாமல் “கல்வி எச்சரிக்கையில் இருக்கக் கூடாது” என்பது. மூன்றாவது, படிப்பைப் பற்றி எதுவுமே சொல்லாதது.

இரண்டாவது வகை என்றால் உங்கள் பல்கலைக்கழகத்தின் எச்சரிக்கைக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 5 புள்ளி அளவுகோலில் 2.00-க்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும், தொடர்ந்து அடுத்த பருவமும் அப்படியே இருந்தால் ‘அகாடமிக் புரொபேஷன்’ எனப்படும் கண்காணிப்பு. பல்துறைத் தொழிற்கல்லூரிகளில் அளவுகோல் 4 புள்ளி. ஆகவே பல்கலைக்கழக நண்பர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் நிலையைக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று: மொத்தச் சராசரியா, கடைசிப் பருவத்துச் சராசரியா? விதியில் ஒரு சொல் மாறினால் உங்கள் நிலை மாறிவிடும். முதலாண்டு மாணவருக்குச் சராசரியே இருக்காது. சில பாடங்களைத் தேர்ச்சி மட்டும் காட்டும் எஸ்-யூ முறையில் போட்டவருக்கு ஒரு பருவம் முடிந்தும் எண் வந்திருக்காது. விதி அதைப் பற்றிப் பேசவில்லை என்றால், மனு போடுவதற்கு முன் தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் “ஓகே” என்று வந்த பதில் பிறகு உதவாது, மின்னஞ்சல்தான் பாதுகாப்பு.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். படிப்பிலிருந்தே வெளியேற்றப்படும் அபாயத்தில் இருப்பவரைத் தடுப்பது சரி, அது அவருக்கும் நல்லது. அதற்கு மேல் 3.5, 4.0 என்று கோடு போடுவதை நான் ஏற்கவில்லை. வீட்டுக்காக டியூஷன் எடுத்துக்கொண்டு, வார இறுதியில் கடையில் நின்றுகொண்டு 3.1 எடுப்பவர்தான் கட்டண உயர்வைப் பற்றி நிர்வாகத்திடம் அழுத்தமாகப் பேசுவார். அவர் வேண்டுமா என்பதை வாக்காளர்கள் தீர்மானிக்கட்டும்.

வயது வரம்பு உண்டா? தேசிய சேவை முடித்து 23 வயதில்தான் சேர்ந்தேன்.

கவலைப்பட வேண்டாம். இங்கே பொதுவாகக் கேட்பது நீங்கள் முழுநேர மாணவரா, இன்னும் எத்தனை பருவம் மீதம் இருக்கிறது என்பதைத்தான்.

வயது வரம்பு இந்தியாவில் இருக்கிறது. லிங்டோ பரிந்துரைப்படி இளநிலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள், முதுநிலை மாணவர் 24, 25 வரை, ஆய்வு மாணவர் 28 வரை. அங்கே அதற்கு ஒரு காரணம் இருந்தது. பட்டம் முடிந்த பிறகும் ஏதாவது ஒரு வகுப்பில் பெயரைப் பதிந்துகொண்டு, வளாகத்தை விட்டுப் போகாமல் அரசியல் நடத்தியவர்களை நிறுத்த வேண்டியிருந்தது.

அதே வரம்பை இங்கே வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தொடக்கக் கல்லூரியிலிருந்து நேராக வரும் பெண் 19 வயதில் முதலாண்டு. அவளோடு படித்த பையன் இரண்டு வருடம் தேசிய சேவை முடித்து 21-இல். பல்துறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம், அப்புறம் சேவை என்று வருபவர் 22-ஐத் தொட்டிருப்பார். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர் இன்னும் மூத்தவர். நம் சமூகத்தில் அந்தக் கடைசி வழியில் வந்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். 22 வயது வரம்பு அவர்களில் பலரை முதல் நாளிலேயே வெளியே தள்ளிவிடும். நாட்டுக்காகக் கொடுத்த இரண்டு வருடத்தை ஒரு தேர்தல் விதி தண்டனையாக மாற்றக் கூடாது. உங்கள் சங்கத்தில் யாராவது வயது வரம்பைக் கொண்டுவரத் தீர்மானம் போட்டால், பொதுக்கூட்டத்துக்குப் போய் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வயது குறைவாக இருந்தால்? நான் 17 வயது பாலிடெக்னிக் மாணவி.

நிற்பதற்குத் தடை இருக்காது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 21 வயதாக வேண்டும், அதனால் உங்களுக்கும் உங்கள் வகுப்பில் பெரும்பாலோருக்கும் வாழ்க்கையின் முதல் வாக்கே சங்கத் தேர்தலாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடும்போது மட்டும் கவனம். 2009 முதல் சிங்கப்பூரில் பொதுவாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் வயது 18. அரங்க வாடகை, டி-சட்டை ஆர்டர் போன்றவற்றில் ஆலோசகராக இருக்கும் பணியாளரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

இறுதியாண்டு மாணவர் நிற்கலாமா? வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்குப் போகிறவர்?

பதவிக்காலம் முழுவதும் மாணவராக இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் காணப்படும் நிபந்தனை. பதவிக்காலம் எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிகிறது என்று பாருங்கள், அதற்கு நடுவில் உங்கள் பட்டமளிப்பு வந்தால் மனு நிராகரிக்கப்படலாம். நான்கு ஆண்டுப் படிப்பில் மூன்றாமாண்டுத் தொடக்கம் வசதியான நேரம் என்று சொல்வது இதனால்தான்.

பரிமாற்றத் திட்டம், ஆறு மாத வேலைப் பயிற்சி, விடுப்பு ஆகியவை வேறு சிக்கல். விடுப்பில் இருப்பவர் அந்தக் காலத்தில் முழுநேர மாணவராகக் கருதப்படாமல் போகலாம். பரிமாற்றத்தில் ஸ்வீடன் போனவர் இங்கே பதிவு பெற்ற மாணவர்தான், ஆனால் கூட்டங்களுக்கு நேரில் வர முடியாது. தொடர்ந்து கூட்டங்களுக்கு வராதவர் பதவி இழப்பார் என்ற விதி பல அமைப்புகளில் உண்டு. இணையவழி வருகையைக் கணக்கில் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பரிமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டு அதை மறைத்து வாக்குக் கேட்பது விதியில் தடுக்கப்படாவிட்டாலும் தவறு. வாக்களிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் நிரந்தரவாசி. என் நண்பர் மாணவர் அனுமதி அட்டையில் சென்னையிலிருந்து வந்தவர். நாங்கள் நிற்கலாமா?

அதைச் சங்கத்தின் அமைப்பு விதிதான் சொல்ல வேண்டும். “உறுப்பினர்” என்பதற்கான விளக்கத்தையும், ஒவ்வொரு பதவிக்குமான நிபந்தனையையும் தனித்தனியாகப் படியுங்கள். உறுப்பினர் எல்லாரும் வாக்களிக்கலாம் என்று ஓர் இடத்தில் இருக்கும், குறிப்பிட்ட ஒரு பதவிக்கு வேறு நிபந்தனை இன்னோர் இடத்தில் இருக்கலாம். விதி பேசாத இடத்தில், குடியுரிமையைக் காரணம் காட்டி யாராவது வாய்மொழியாகத் தடுத்தால், எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

உங்கள் நண்பருக்குச் சில தகவல்கள். மாணவர் அனுமதி அட்டை பதவிக்காலம் முழுவதும் செல்லுபடியாக வேண்டும். கல்வி அமைச்சின் கட்டண மானியம் வாங்கியிருந்தால் பட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு இங்கே வேலை செய்யும் கடப்பாடு உண்டு, தேர்தலில் நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வளாகத்துக்கு வெளியே மட்டும் வேறு சட்டம்: ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கத்தில் நடக்கும் ஆர்ப்பாட்டத்தில் வெளிநாட்டவர் அனுமதி இல்லாமல் கலந்துகொள்ள முடியாது. சங்கத் தலைவர் என்ற பொறுப்பு அந்த விதியிலிருந்து விலக்குத் தராது.

முன்பு ஒருமுறை ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானேன். கதை முடிந்ததா?

அவசியமில்லை. குற்றச்சாட்டு, விசாரணை, தண்டனை மூன்றும் வேறு வேறு. விதி எதைச் சொல்கிறது என்று பாருங்கள். எத்தனை காலத்துக்குள் நடந்தது, எந்த அளவு தண்டனை என்பதும் முக்கியம். விடுதியில் இரவு சத்தம் போட்டதற்கு வந்த எச்சரிக்கைக் கடிதமும், தேர்வில் பார்த்து எழுதியதற்கான இடைநீக்கமும் ஒன்றாகாது.

இந்தியப் பரிந்துரையில் ஒரு குறை உண்டு: குற்ற வழக்கில் விசாரணைக்கு உள்ளாகியிருந்தாலே நிற்க முடியாது என்று அது போகிறது. விடுதலையானவரையும் அது பிடித்துக்கொள்ளும். நம் நாடாளுமன்றத்துக்கான விதி எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பாருங்கள்: ஓராண்டோ அதற்கு மேலோ சிறை, அல்லது 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் என்றால் தகுதி போகும், ஐந்து ஆண்டுக்குப் பிறகு திரும்பி வரும். அபராத வரம்பு முன்பு 2,000 வெள்ளியாக இருந்தது, 2022-இல்தான் உயர்த்தப்பட்டது. அளவும் காலமும் எழுதப்பட்ட விதி அது. மாணவர் சங்க விதியும் அப்படி இருக்க வேண்டும். “நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும்” என்று மட்டும் எழுதினால், யார் தேர்தல் அதிகாரியோ அவருடைய மனநிலைதான் விதியாகும்.

என் மதிப்பெண்ணையும் ஒழுங்குப் பதிவையும் சக மாணவர்கள் பார்ப்பார்களா?

பார்க்கக் கூடாது. மனுவில் நீங்கள் ஓர் ஒப்புதல் கையெழுத்திடுவீர்கள், நிர்வாக அலுவலகம் “தகுதி உண்டு” அல்லது “இல்லை” என்று மட்டும் தேர்தல் குழுவுக்குச் சொன்னால் போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012 முதல் இங்கே இருக்கிறது. மதிப்பெண் பட்டியலையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லித் தேர்தல் குழுவில் யாராவது கேட்டால், மாணவர் விவகார அலுவலகம் வழியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும் என்று விதி உண்டா?

கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கும், அவ்வளவுதான். தமிழ்ப் பிள்ளைகள் இதை நினைத்துத் தயங்குவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிங்கப்பூர் நாடாளுமன்றத்துக்கு நிற்பவர் ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் நான்கில் ஏதாவது ஒன்றில் நடவடிக்கைகளில் பங்கேற்கும் அளவு தேர்ச்சி பெற்றிருந்தால் போதும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவர் நாட்டின் சட்டமன்றத்துக்கே நிற்கலாம் என்னும்போது, உச்சரிப்புக்காகக் கூச்சப்பட்டு வளாகத் தேர்தலை விடாதீர்கள்.

தலைவரை எல்லா மாணவரும் நேரடியாக ஏன் தேர்ந்தெடுப்பதில்லை?

எல்லா இடத்திலும் அப்படி இல்லை, ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1950களில் புக்கிட் தீமா வளாகத்தில் இருந்த மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் அரசியலில் தீவிரமாக இருந்தார்கள். 1954 மே மாதம், சோசலிஸ்ட் கழகத்தின் ஃபஜார் இதழில் வந்த தலையங்கத்துக்காக எட்டு மாணவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் போடப்பட்டது. அவர்களில் ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற எட்வின் தம்பு ஆகியோர் இருந்தார்கள். தம்புவின் தந்தை தமிழர், பள்ளி ஆசிரியர். ஆகஸ்ட்டில் எட்டுப் பேரும் விடுதலையானார்கள். 1964 முதல் பல்கலைக்கழகத்தில் சேரவே அரசாங்கத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்ற நிலை வந்து, பல ஆண்டுகள் நீடித்தது. அப்போதெல்லாம் தகுதி என்ற கேள்வி தேர்தலுக்கு முன்பே, வகுப்பறை வாசலிலேயே வந்துவிட்டது.

1974-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக இருந்தவர் டான் வா பியாவ். வேலையிழந்த தொழிலாளர்களுக்கு ஆதரவாக இறங்கியவர், கலவரக் குற்றச்சாட்டில் சிறை சென்றார், பிறகு பிரிட்டனுக்குப் போய்விட்டார். 1975-இல் பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டது. எல்லா மாணவரும் சேர்ந்து தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்த முறை போய், துறை மன்றங்களின் பிரதிநிதிகள் கூடிய பேரவை வந்தது. சங்கத்தின் பணமும் நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குப் போனது. 1980-இல் நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம் உருவானபோது, புதிய சங்கமும் துறை மன்றங்களின் கூட்டமைப்பாகவே அமைந்தது.

இதில் உங்களுக்கு நேரடியாகத் தேவையான பாடம்: இப்படிப்பட்ட அமைப்பில் மேல் பதவிக்கான முதல் தகுதி, கீழே உங்கள் துறை மன்றத் தேர்தலில் வென்று பிரதிநிதியாவது. அந்தச் சிறிய தேர்தலைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு தலைவர் பதவிக்கு மனுக் கேட்டால் கிடைக்காது.

அரசியல் கட்சியில் இருந்தால்?

தனிப்பட்ட உறுப்பினர் என்பதும் சங்கத்தின் பெயரைக் கட்சிக்குப் பயன்படுத்துவதும் வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். முதலாவதைப் பற்றி உங்கள் விதி கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள். பக்கத்து நாட்டில் இது நீண்ட போராட்டமாக இருந்தது: மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இருந்த தடை 2012-இல் தளர்ந்து மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றானது, 2018 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம்தான் வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கு வழிவிட்டது.

எத்தனை முறை நிற்கலாம்?

பிரிட்டனில் சம்பளம் பெறும் சங்கப் பதவியில் ஒரே கல்வி நிலையத்தில் மொத்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. லிங்டோ பரிந்துரையில் முக்கியப் பதவிக்கு ஒரு வாய்ப்பு, செயற்குழு உறுப்பினருக்கு இரண்டு. இங்கே சங்கத்துக்குச் சங்கம் மாறும். வரம்பு பதவிக்கா, ஆளுக்கா என்று பாருங்கள். பொருளாளராக ஒரு வருடம் இருந்தவர் அடுத்த வருடம் தலைவராகலாமா என்பது அதைப் பொறுத்தது.

மனு எதனால் அதிகம் தள்ளுபடியாகிறது?

சின்ன விஷயங்களால். முன்மொழிபவரும் வழிமொழிபவரும்கூட தகுதியுள்ள உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் துறைக்கான இடம் என்றால் அவர்களும் அதே துறையில் இருக்க வேண்டியிருக்கலாம். ஒருவரே இரண்டு வேட்பாளர்களை முன்மொழிந்தால் இரண்டும் போகலாம். மூன்று பேரைக் கூடுதலாகத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அடையாள அட்டையில் எஸ்/ஓ, டி/ஓ சேர்த்து அப்பா பெயரோடு இருக்கும். வளாகத்தில் எல்லாருக்கும் தெரிந்தது வேறு பெயர். மனுவில் மாணவர் பதிவில் உள்ளபடி எழுதுங்கள். வாக்குச்சீட்டில் அழைக்கும் பெயரும் வர வேண்டும் என்றால் அதைத் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாமல் வாக்கு மாறிப் போகக் கூடாது.

தள்ளுபடி செய்தால் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் காலம் சில நேரம் ஒன்றிரண்டு நாள்தான், நண்பர்களிடம் புலம்பி முடிப்பதற்குள் போய்விடும். தேர்தல் அதிகாரியே எதிர் வேட்பாளரின் நெருங்கிய நண்பர் என்றால் அதை அப்போதே சொல்லிவிடுங்கள், முடிவு வந்த பிறகு சொன்னால் தோற்றவர் புகாராகத்தான் பார்ப்பார்கள்.

நான் ஒருத்தி மட்டும்தான் வேட்பாளர். போட்டியின்றி வென்றதாகுமா?

சில விதிகளில் ஆகும். சிலவற்றில் “ஆதரவு, எதிர்ப்பு” என்று வாக்கெடுப்பு நடத்துவார்கள். வாக்கெடுப்பு இருந்தால் நல்லது என்றே நினைக்கிறேன். 600 பேர் ஆதரவு என்று சொன்ன பிறகு நிர்வாகத்தின் முன்னால் உட்காரும்போது உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

வென்ற பிறகு தகுதி போய்விட்டால்?

நடுவில் மதிப்பெண் விழலாம், உடல்நலத்துக்காக விடுப்பு எடுக்க நேரலாம். பதவி தானாகவே காலியாகுமா, செயற்குழு முடிவு செய்யுமா, அடுத்து துணைத் தலைவர் ஏறுவாரா, இடைத்தேர்தலா என்பதை அமைப்பு விதி சொல்லும். மறைத்து வைத்தால் இடைப்பட்ட காலத்தில் நீங்கள் போட்ட கையெழுத்துகள் கேள்விக்குள்ளாகலாம், ஆகவே தெரிந்த அன்றே செயலாளருக்கு எழுதுங்கள். விலகும் நாளில் வங்கிக் கணக்கின் கையொப்பதாரர் மாற்றம், சங்கத்தின் மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொற்கள், செலவு ரசீதுகள், நிர்வாகத்தோடு பாதியில் நிற்கும் பேச்சுகளின் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து ஒப்படையுங்கள். ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.